அசையாத தண்ணீர்

அவரோடு ஒரு டீக்கடைக்குக்கூட நிம்மதியாகப் போய்வர முடியாது. டீ சொல்லிவிட்டு நாம் உட்கார்ந்துவிடுவோம், அவர் உட்காரமாட்டார். அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்து, சிலிண்டரிலிருந்து வருகிற ரப்பர் குழாயை எப்போது மாற்றினீர்கள் என்று கடைக்காரரைக் கேட்பார். போன மாதம் என்று பதில் வரும். தலையை ஆட்டிக்கொண்டு வந்து பாதி டீ குடித்தபின், போன மாதம் என்றால் நோன்புக்கு முன்னாலா பின்னாலா என்று மறுபடி ஆரம்பிப்பார். கடைக்காரர் என்னைப் பார்ப்பார், நான் ரோட்டைப் பார்ப்பேன். எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்காமல் விட்டவர் இல்லை அவர்.

தோஹாவில் நஜ்மா பகுதியில் ஒரு லாண்டரி. நான் அங்கே கவுண்டரில் இருந்தேன். துணிகளை வாங்கி, அடையாளத் துண்டு குத்தி, உள்ளே அனுப்புவது என் வேலை. போனும் என் மேசையில்தான் இருந்தது. எனக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் பாய்லர். டீசலில் எரிந்து தண்ணீரை நீராவியாக்கி, இஸ்திரி மெஷின்களுக்கு அனுப்புகிற இரும்புப் பீப்பாய் அது. அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் இவர். மன்னார்குடிப் பக்கம் ஏதோ ஒரு அரிசி மில்லில் நெல் அவிக்கிற பாய்லரில் பத்து வருஷம் நின்றவர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். நான் அதிராம்பட்டினத்துக்காரன் என்று தெரிந்ததும், ஒரே தஞ்சாவூர் ஜில்லா என்று ஒட்டிக்கொண்டார்.

ஒட்டிக்கொண்டார் என்றால் சும்மா இல்லை. முதல் வாரமே என்னைக் கொட்டகைக்குள் இழுத்துப்போய், என் உயிருக்கு எவையெல்லாம் காவல் என்று காட்டினார். நான் கேட்கவே இல்லை. பாய்லரின் பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கிற கண்ணாடிக் குழாய், உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும். மேலே முள் வைத்த வட்டம், நீராவியின் அழுத்தத்தைக் காட்டும். தண்ணீர் குறைந்தால் ஒரு மிதவை இறங்கும், அதோடு சேர்ந்த ஒரு சின்னக் கை கீழே விழும், விழுந்ததும் நெருப்பு தானாக அணையும். அதற்குக் கட்-ஆஃப் என்று பெயர். இத்தனையும் கைவிட்டால் கடைசியாக உச்சியில் சேஃப்டி வால்வு, அது திறந்துகொண்டு நீராவியை வெளியே தள்ளும்.

எனக்கு அப்போது பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடிக் குழாயில் பாதி அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் இருக்கிறதே, அப்புறம் என்ன என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"கொதிக்கிற பாய்லர்ல கிளாஸ் தண்ணி லேசா ஆடிக்கிட்டே இருக்கணும் பாய். அசையாம நின்னுச்சுன்னா நம்பாதீங்க. கீழ ஓட்டை அடைச்சிருக்கும். அது எப்பவோ உள்ள மாட்டுன தண்ணி. உள்ள ஒண்ணுமே இருக்காது."

தினமும் இரண்டு தடவை அந்தக் கிளாஸின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடிப்பார். மூடியதும் தண்ணீர் துள்ளி மேலே ஏற வேண்டும். ஏறினால்தான் அவருக்கு மூச்சே வரும். காலையில் நெருப்பு வைப்பதற்கு முன், முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பார். அதற்குமேல் போகக் கூடாது என்கிற இடத்தில் வட்டத்தின்மேல் சிவப்புக் கோடு போட வேண்டும் என்று ஃபேன்ஸி கடைக்குப் போய் நகப்பூச்சு வாங்கி வந்தார். ஆறு ஆண்பிள்ளைகள் இருக்கிற ரூமில் ஒருவர் கையில் நகப்பூச்சு இருந்தால் என்ன பேச்சு நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வாரம் ரூமில் அவருக்குப் பெயரே மாறிப்போனது. அவருக்கு அது உறைக்கவில்லை.

இஸ்திரிக்காரர்களுக்கு மட்டும் அவரைக் கண்டால் ஆகாது. காரணம் இருந்தது. நெருப்பு எரியும்போதே மிதவைக் கூட்டிலிருந்து தண்ணீரை வடித்து, கை விழுகிறதா, நெருப்பு அணைகிறதா என்று தினம் சோதிப்பார். அணையும். அணைந்தால் நீராவி இறங்கும், மறுபடி ஏறும்வரை நாலு மெஷினும் சும்மா நிற்கும். இது போதாதென்று தோஹாத் தண்ணீரின் உப்பும் சகதியும் சேர்ந்து, தண்ணீர் இருக்கும்போதே அந்தக் கை அடிக்கடி தானாக விழுந்து தொலைக்கும். ஹோட்டல்காரன் வண்டி வாசலில் நிற்கும், மேசை விரிப்புகள் ஈரமாகக் கிடக்கும். "பாய்லர்வாலா, ஸ்டீம் மாஃபி" என்று, நீராவி இல்லையாம், உள்ளிருந்து குரல் வரும்.

அதற்கு அவர்களே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். லாண்டரியில் ஹேங்கர் கம்பிக்கா பஞ்சம்? ஒரு ஹேங்கரை நிமிர்த்தி, அந்தக் கை விழாதபடி இழுத்துக் கட்டிவிட்டார்கள். நெருப்பு அணையவே இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். வாடிக்கையாளரின் வசவை வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான். அவர் கம்பியை அவிழ்ப்பார், அவர் முதுகைத் திருப்பியதும் இவர்கள் கட்டுவார்கள். அவர் மேனேஜரிடம் புதுக் கட்-ஆஃப் கேட்டார். மேனேஜர் நாகூர்ப் பக்கத்துக்காரர், எதற்கும் இல்லை என்று சொல்லமாட்டார். அடுத்த மாதம் என்பார்.

ஒரு வியாழக்கிழமை, இக்காமாவை, அதாவது அங்கே தங்குவதற்கான அட்டையை, புதுப்பிக்க வேண்டி மெடிக்கலுக்குப் போன அவர் பதினோரு மணிக்குத் திரும்பினார். கவுண்டரில் என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கொட்டகைக்குப் போனார். போன வேகத்தில் நெருப்பை அணைத்துவிட்டுக் கத்தினார், எல்லோரும் வெளியே போங்கள் என்று. நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் பாதி அளவு தண்ணீர் அழகாக நின்றுகொண்டிருந்தது. கட்-ஆஃபில் கம்பி. அவர் அடிக்குழாயைத் திறந்தார், தண்ணீர் வடிந்தது. மூடினார். கிளாஸ் காலியாகவே இருந்தது. ஒரு சொட்டுகூட ஏறவில்லை.

இஸ்திரிக்காரர்களில் ஒருவன் பதறிப்போய்ப் பம்ப் சுவிட்சை அழுத்தக் கையை நீட்டினான். தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விட வேண்டியதுதானே, அவனுக்கு அப்படித்தான் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் அவன் கையைப் பிடித்து முறுக்கி, கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பிறகு எங்கள் எல்லோரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்துவிட்டு, அவர் மட்டும் கொட்டகை வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். காய்ந்து பழுத்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டிருந்தால் அந்த வரிசையில் நாலு கடை இருந்திருக்காது என்று சாயங்காலம்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் கவுண்டரில் உட்காரும்போதெல்லாம் முதுகு சூடாக இருப்பது போலவே இருக்கும். அவர் கொட்டகையில் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் எனக்குப் பில் எழுதவே கை ஓடும். கம்பி மட்டும் நிற்கவில்லை. ஒரு மாதம் பயந்தார்கள், அடுத்த மாதம் வழக்கம்போலக் கட்டினார்கள். மேனேஜரும் வழக்கம்போல அடுத்த மாதம் என்றார்.

அவருக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. அது எட்டு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது விட்டுவிட்டு வந்தவர். கடைசியில் லீவு கிடைக்கும்வரை மூன்றே முக்கால் வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் போனால் பாய்லருக்கு ஆள் இல்லை என்பதுதான் எப்போதும் பதில். இன்னொருவரை எடுங்கள், நானே பழக்கிவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். ஒழுங்காக வேலை பார்க்கிற ஒரே காரணத்தால் மாட்டிக்கொண்ட மனுஷன். அரைகுறையாகப் பார்த்திருந்தால் எப்போதோ ஊரைப் பார்த்திருப்பார்.

வீட்டுக் கடிதம் வந்தால் வெள்ளிக்கிழமை என்னிடம் கொண்டுவருவார். மனைவி எழுதுவது இரண்டு பக்கம். அடியில் குழந்தை பென்சிலால் கிறுக்கிய இடம் ஒரு நாலு விரற்கடை இருக்கும். அவருக்கு அந்த இரண்டு பக்கம் பெரிதில்லை. நலம் என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம் பாய் என்பார். அந்தக் கிறுக்கலைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார். முதலில் வெறும் கோடு, பிறகு சுழி, பிறகு ஒரு நாள் தலைகீழாக ஒரு 'அ'. அன்றைக்கு ரூமில் எல்லோருக்கும் சேமியாப் பாயசம் வைத்தார்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. அவருடைய மச்சினர் பேசினார். அவரைக் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம், நீங்கள் யார் என்று கேட்டார். ஊர்க்காரன்தான் என்றதும் அழ ஆரம்பித்துவிட்டார். குழந்தைக்கு மூளைக்காய்ச்சல். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் இரண்டே நாள். நேற்றே அடக்கம் செய்தாகிவிட்டது.

"அவருகிட்ட இப்ப சொல்லாதீங்க பாய். அங்க தனியாக் கெடந்து என்ன பண்ணுவாரு. லீவுல வர்றப்ப நாங்க பக்குவமா சொல்லிக்கிறோம்."

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. நாங்கள் எல்லோரும் இப்படித்தான் ஒருவருக்கொருவர் செய்துகொண்டோம். என் வாப்பா மவுத்தானது எனக்கு ஐம்பது நாள் கழித்துத்தான் தெரியும். அதுவரை வீட்டுக் கடிதத்தில் வாப்பா ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் இருப்பவர்கள் அன்பினால்தான் மறைக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் மறைத்தது எதனால் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்கலங்கினார், நடிப்பில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை அடக்கியாகிவிட்டது, இப்போது போய் அவன் என்ன பார்க்கப்போகிறான் என்றார். பாஸ்போர்ட் விசா கொடுத்த கஃபீலிடம் இருக்கிறது, கஃபீல் ஊரில் இல்லை என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "அவன் போயிட்டா பாய்லர நீ பாப்பியா?" என்று கேட்டார்.

எனக்கு அந்த வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. அவர் இல்லாத கொட்டகை, கட்டிய கம்பி, என் முதுகுச் சுவர். எனக்கும் ஊரில் மூன்று பிள்ளைகள். சரி, சொல்ல வேண்டாம் என்று என் வாயால்தான் சொன்னேன். அவர் மனசு தாங்காது என்று நினைத்து அப்படிச் சொல்லவில்லை. அவர் போய்விடுவாரே என்று பயந்து சொன்னேன்.

மாலைக்குள் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து கட்-ஆஃபில் கம்பி இல்லை. நெருப்பு அணைந்தால் யாரும் குரல் கொடுக்கவில்லை. அவரிடம் அறை வாங்கியவன், மத்தியானம் அவருக்குத் தனியாக மீன் எடுத்துவைத்தான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நாள் கவுண்டருக்கு வந்து, தாழ்ந்த குரலில், எல்லோரும் திடீரென்று திருந்திவிட்டார்களே, என்ன விஷயம் என்று கேட்டார். நீங்கள் சொன்னது இப்போதுதான் மண்டையில் ஏறியிருக்கும் என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. மூன்று வருஷம் கத்தியதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஒரு சட்டைக்கு இரண்டு அடையாளத் துண்டு குத்திவிட்டேன்.

ஆடியில் ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போல அடியில் கிறுக்கல். மச்சினர் வீட்டுப் பையன் எவனையோ பிடித்துப் பென்சிலைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவர் அதை என் மேசையில் வைத்து, பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"போன தடவ 'ஆ' வரைக்கும் எழுதினா பாய். இப்ப மறுபடி வெறும் கோடா போட்டிருக்கா. பிள்ளைங்க பின்னால போகுமா?"

போகும், விளையாட்டுப் புத்திதானே என்றேன். வாய் கூசாமல் வந்தது. வேறு எதையும் இரண்டு தடவை கேட்கிறவர், இதை இரண்டாம் தடவை கேட்கவில்லை. கடிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோனார். நம்பினாரா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஊரில் தான் வேலை பார்த்த மில் முதலாளியின் வீட்டு நம்பருக்கு ஒரு தடவை போன் போட்டார். குழந்தை தூங்குகிறது என்று மனைவியைச் சொல்லவைத்தார்கள். அதற்குப் பிறகு போன் பக்கமே அவர் வரவில்லை.

தை மாதம் ஒரு ஆந்திராக்காரர் பாய்லருக்கு வந்தார். இருபது நாள் அவரைப் படாதபாடு படுத்திப் பழக்கிவிட்டு, எங்கள் ஆள் லீவில் போனார். ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நாற்பத்தைந்து நாளில் திரும்பி வந்துவிட்டார். வராமல் என்ன செய்வார்? வந்த அன்றே கொட்டகைக்குப் போய்க் கிளாஸை வடித்தார், முள்ளைத் தட்டினார், கட்-ஆஃபைச் சோதித்தார். எனக்கு வீட்டிலிருந்து ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பிடிக்கவிட்டு, பிறகு மெதுவாக உருவிக்கொண்டார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று ஒன்றரை மாதமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம், அந்த இஸ்திரிக்காரனை அறைந்ததுபோல ஒரு அறை விட்டிருக்கலாம். அதற்கு எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

பாய்லர் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. மனிதர்களிடம்தான் மாறிவிட்டார். டீக்கடைக்குப் போனால் எங்களோடு உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு எழுந்துவருவார். யார் என்ன சொன்னாலும் சரி என்பார். மேனேஜர், அடுத்த மாதம் நிச்சயம் புதுக் கட்-ஆஃப் என்று சொன்னபோதும் சரி என்றார். வீட்டுக் கடிதம் வந்தால் பிரிக்காமல் பெட்டிக்குள் போட்டுவைத்து, இரண்டு நாள் கழித்துத் தனியாகப் பார்ப்பார். கம்பி மறுபடி வந்தது. அவர் எதுவும் சொல்லாமல் அவிழ்த்துப் போடுவார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷக் கடைசியில் ஹோட்டல்காரர்கள் சொந்த லாண்டரி வைத்துக்கொண்டார்கள். எங்கள் கடையை மூடினார்கள். அவர் அல் ஐனில் ஒரு லாண்டரிக்கு விசா கிடைத்துப் போனார் என்று கேள்விப்பட்டேன். விலாசம் வாங்கி ஒரு கடிதம் எழுதினேன். நலமா என்றுதான் எழுத முடிந்தது. பதில் வரவில்லை.

இதையெல்லாம் என் மனைவியிடமும் ஒன்றிரண்டு சிநேகிதர்களிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். நீ என்ன செய்வாய், நல்ல மனசோடுதானே செய்தாய் என்றார்கள். அவர்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

அவர் லீவில் போவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த என்னைத் துணிக்கடைக்குக் கூட்டிப்போனார். குழந்தைக்கு ஒரு கவுன் வேண்டும். அரை மணி நேரம் கடையைப் புரட்டிப்போட்டார். தையலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். விரலை ஈரமாக்கித் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தார். கடைசியில் இளநீல நிறத்தில், இடுப்பில் வெள்ளை நாடா வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். எத்தனை வயது என்று கடைக்காரர் கேட்டார். நாலு முடிந்து ஐந்து நடக்கிறது என்றார். கடைக்காரர் ஒரு சைஸ் எடுத்து விரித்தார். இவருக்குத் திருப்தி இல்லை. தன் தொடைக்குப் பக்கத்தில் கையை வைத்து, இவ்வளவு உயரம் இருப்பாளா, அவ்வளவு இருப்பாளா என்று ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் பார்த்தவருக்கு எப்படித் தெரியும்? கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து என் பக்கம் திரும்பினார்.

"பாய், மூணு பிள்ள பெத்தவரு நீங்க. இது அவளுக்குச் சரியா இருக்குமா?"

நான் நன்றாகப் பார்த்தேன். வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன்.

"ஒரு சைஸ் பெருசாவே எடுங்க தம்பி," என்றேன். "வளர்ற பிள்ள."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, கடைக்காரரிடம் பெரிய சைஸ் கேட்டார்.